கதவைக் குறை சொல்லும் முன் பெட்டியின் காலைப் பாருங்கள்

கேள்வி: ‘‘வீட்டுக்கு டைல்ஸ் போட்டபோது ஃபிரிட்ஜை வெளியே எடுத்தோம். வாசக்கால் குறுகல் என்பதால் என் மகன் கதவைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினான். அதிலிருந்து கதவு சரியாக மூடுவதில்லை. மூடிவிட்டு நகர்ந்தால் தானாகத் திறந்துகொள்கிறது. ஃப்ரீசரில் ஐஸ் பாறை போலக் கட்டுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், ‘கதவையே மாத்தணும், நாலாயிரம் ஆகும்’ என்கிறார். நான் 60 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. மருந்து கெட்டிருக்குமா? கதவை நாங்களே சரிசெய்ய முடியுமா?’’
- வாசகி, துறையூர் வட்டம், திருச்சி மாவட்டம்.

பதில்: முதலில் மருந்தைப் பார்ப்போம். கதவு இன்னும் இரண்டு நாள் காத்திருக்கும், மருந்து காத்திருக்காது. கோழிக்குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டுவிடும் அந்தத் தடுப்பு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமி. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சூடு பட்டுச் செத்துப்போனாலும் நிறமோ வாடையோ மாறாது. நீங்களும் கடமையாகச் சொட்டு விட்டிருப்பீர்கள்; குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி மட்டும் வந்திருக்காது. பட்டியில் கழிச்சல் நுழையும் நாளில்தான் அது தெரியும். அதனால், கதவு நாள்கணக்கில் திறந்து திறந்து மூடிய பெட்டியில் இருந்த மருந்தை நம்ப வேண்டாம். குப்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். பெட்டி சரியான பிறகு, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் புது மருந்தை ஐஸ் வைத்த பாத்திரத்தில் வாங்கி வாருங்கள்.

அதைக் கதவில் இருக்கும் முட்டைத் தட்டில் வைக்கக் கூடாது. கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்த இடம்தான். நடுத் தட்டில், பின்பக்கச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். வீட்டில் யாருக்காவது இன்சுலின் ஊசி மருந்து இருந்தால் அதற்கும் இதேதான் இடம்.

இப்போது கதவுக்கு வருவோம். ‘தானாகத் திறந்துகொள்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. டைல்ஸ் போடும்போது, கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரையில் கொஞ்சம் வாட்டம் விட்டிருப்பார். உங்கள் ஃபிரிட்ஜின் கால்கள் பழைய சிமென்ட் தரைக்கு ஏற்றபடி திருகி வைக்கப்பட்டவை. அதே கால், புதுத் தரையில் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. பெட்டி முன்னால் சாய்ந்தால் எந்தக் கதவும் திறக்கத்தான் பார்க்கும். ஆகவே புதுக் கதவு வாங்கி மாட்டினாலும் இதே கதைதான் நடக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, ஐஸ் முழுவதும் தானாகக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தி ஐஸ் எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கத்தி ஒருமுறை ஃப்ரீசர் தகட்டில் ஓட்டை போட்டுவிட்டால் கேஸ் முழுக்கப் போய்விடும், நாலாயிரத்தோடு நிற்காது.

பிறகு பெட்டியின் இரண்டு மேல் மூலைகளையும் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஏதோ ஒரு கால் தரையில் படவில்லை. அப்படி நிற்கும் பெட்டி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதில் தொங்கும் கதவும் கோணலாகும். பிளாஸ்டிக் ஸ்டாண்டு மேல் வைத்திருந்தால் முதலில் ஸ்டாண்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு காலில் விரிசல் விட்டிருந்தாலும் மேலே எத்தனை சரிசெய்தும் பயன் இல்லை. காகிதத்தை மடித்து முட்டுக் கொடுப்பதும் வேண்டாம். ஈரம் பட்டால் பத்தே நாளில் நசுங்கிவிடும்.

பெட்டியின் முன்பக்க அடியில் இரண்டு திருகுகால்கள் இருக்கும். ஒருவர் பெட்டியை லேசாகப் பின்னால் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் காலைத் திருகினால் சுலபமாகச் சுற்றும். ஆடாமல் நிற்கும் வரை திருகுங்கள். அடுத்து, மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால், முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலை மூடிப் படுக்க வைத்தாலே போதும். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் உயரம். இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். முன் பின் மட்டும் சமமாக இருக்க வேண்டாம். முன்பக்கம் இரண்டு நூல் அளவு, அதாவது கால் அங்குலம், தூக்கலாக இருக்கட்டும். கதவைப் பாதி திறந்து விட்டால் அது தானே மெதுவாகப் போய் மூட வேண்டும். இத்தோடு பல பெட்டிகள் சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் கீலைப் பாருங்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியில் கீழே ஒரு கீல், மேலே ஒரு கீல். கீழ்க் கீலில் நிற்கும் ஊசியின் மேல்தான் கதவு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊசியில் சின்ன நைலான் வாஷர் ஒன்று கிடக்கும். கதவைத் தூக்கும்போது அது கதவின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து, நடக்கிற வழியில் எங்காவது விழுந்துவிடும். கழற்றி மாட்டிய வீடுகளில் தொலைகிற பொருள் பெரும்பாலும் இதுதான். வாஷர் இல்லாவிட்டால் கதவு கீழே இறங்கி உரசும். துளைக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டையும் உங்கள் பெட்டியின் மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகக் கடையில் வாங்கலாம். கதவின் விலையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை.

மாட்டும் முறை இதுதான். கதவைக் கீழ் ஊசியில் உட்கார வைத்து, மேல் கீலின் ஊசியைக் கதவின் மேல் துளையில் இறக்கி, போல்டுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். இறுக்க வேண்டாம். கதவை மூடிவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். கதவின் மேல்விளிம்பும் பெட்டியின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். கைப்பிடிப் பக்கம் தொங்கினால், மேல் கீலைக் கைப்பிடிக்கு எதிர்த்திசையில், வெளிப்பக்கமாக, அரை நூல் நகர்த்துங்கள், தொங்கல் ஏறிவிடும். போல்டுத் துளைகள் கொஞ்சம் அகலமாக இருப்பது இதற்காகத்தான். கதவின் மேல்பகுதி மட்டும் பெட்டியோடு ஒட்டாமல் நின்றால் கீலைப் பின்பக்கம் தள்ளுங்கள். கோடு சரியானதும், ஒருவர் கதவை அசையாமல் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். இது ஓராள் வேலை அல்ல. இரட்டைக் கதவு என்றால் கீழ்க் கதவை முதலில் மாட்டி, நடுக் கீலைப் பூட்டிய பிறகே ஃப்ரீசர் கதவு. கதவில் டிஸ்பிளே விளக்கு இருந்தால் மேல் கீல் வழியாக ஒயர் போகும். அதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியில் ரப்பர். கழற்றிய கதவை ரப்பர் பக்கம் சுவரில் படும்படி சாய்த்து வைத்திருந்தால், அது நசுங்கிக் கோணியிருக்கும். ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் பாருங்கள். வழுக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் துடைத்து, வெந்நீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் ஒற்றி, விரலால் ரப்பரை நீவி, கதவை ஒரு ராத்திரி மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் காந்தம் இழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகாதீர்கள். ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பெட்டியைக் கொண்டுபோகும்போது படுக்க வைத்திருந்தால் உடனே சுவிட்ச் போடக் கூடாது. கம்ப்ரஸர் ஆயில் திரும்பி இறங்க, நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு, விடிந்ததும் பாருங்கள். 8 டிகிரிக்குள் நின்றால்தான் மருந்து வாங்கப் போகலாம்.

கேள்வி: ‘‘எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு சுவரில் இடிக்கிறது. மறுபக்கம் திறக்கும்படி மாற்ற முடியுமா?’’
- வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: பெட்டியின் மறுபக்க மேல், கீழ் மூலைகளில் பிளாஸ்டிக் மூடி போட்ட துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கம்பெனியே அதற்கு வழி விட்டிருக்கிறது. மறுபக்கத்துக்கான கீல் கேட்டு வாங்கி மாட்டலாம். இல்லாவிட்டால், ‘ட்ரில் போட்டுத் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். இப்போது வரும் பல பெட்டிகளில் கேஸ் குழாய் பக்கவாட்டுத் தகட்டை ஒட்டியே ஓடுகிறது. அதில் R600a என்ற, தீப்பற்றக்கூடிய கேஸ்தான் பெரும்பாலும் இருக்கிறது. பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள்.