வெள்ளையா, சாம்பலா?

பொங்கல் நெருங்கினால் பேசின் பிரிட்ஜ் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கு எழும். அறைக்கு வெள்ளை அடிப்பதா, சாம்பல் நிறம் அடிப்பதா? "இந்த ஊர்ப் புகைக்கு வெள்ளை தாங்குமா? சாம்பல் என்றால் அழுக்குத் தெரியாது" என்பது பெரியவர்கள் தீர்ப்பு. அதை மறுத்து எழுதத் துணிகிறேன். என் தாயாரும் எதிர்க்கட்சிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகள் பெரும்பாலும் ஒற்றைச் சன்னல் வீடுகள். அந்தச் சன்னலும் அடுத்த வீட்டுச் சுவரையே பார்த்திருக்கும். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 80 பங்கு திருப்பித் தருகிறது. நடுத்தரச் சாம்பல் பாதிகூடத் தருவதில்லை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுப் படிக்கும் மாணவனுக்கு இது அற்ப வேறுபாடா?

அதிலும் சுண்ணாம்பு வெள்ளைக்கு நிகரில்லை. நீற்றிய சுண்ணாம்பில் துளி நீலம் கலந்தால் மஞ்சள் சாயல் அடங்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணாம்பு இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் அண்டாது. கால்வாயோர ஈரச் சுவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், உண்மைதான். பள்ளிக்கூடச் சுவர்போல அடியில் மூன்றடிக்குச் சாம்பல் பட்டை அடித்துவிட்டால் அந்தக் குறையும் தீரும்.

ஆனால் என் வாதம் வேறு. அழுக்குத் தெரியாது என்பது ஒரு சிறப்பா? அழுக்கு போய்விட்டதா, கண்ணுக்கு மறைந்ததா? சுவரில் படிவது நெஞ்சுக்குள் படியாமலா இருக்கும்? துறைமுகத்து நிலக்கரித் தூசு பற்றி இராயபுரம் பகுதி மக்கள் பல்லாண்டு முறையிட்டனர். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை 2011இல் உயர்நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூரின் பழைய அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. இவற்றால் நம் சுவர்கள் எவ்வளவு வெளுத்தன என்று கேட்டால், சாம்பல் அடித்தவர் என்ன விடை சொல்வார்?

ஆகவே நண்பர்களே, அறை முழுதும் வேண்டாமென்றால், சன்னலோரம் ஒரு சதுர அடியாவது வெள்ளையாக விட்டு வையுங்கள். அடுத்த போகிக்குள் அது என்ன நிறமாகிறதென்று பார்ப்போம். எங்கள் வீட்டில் அம்மா அந்த ஒரு சதுர அடிக்கு இசைந்துவிட்டார்.