பாமினியில் மறையும் பெயர்கள்

திருகோணமலையிலிருந்து செய்தி எழுதுவோருக்கு ஒவ்வொரு மாலையும் இரண்டு வேலைகள். வந்த அறிக்கையைத் தமிழாக்குவது முதலாவது. ஆங்கிலத்திலிருந்து அல்ல, தமிழிலிருந்தே. அதன் பிறகுதான் செய்தி.

துறைமுகத்தை அண்டிய அலுவலகங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் அனுப்புபவை மூன்று வகை. ஒன்று, பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பு. இன்னொன்று, அதையே அச்சிட்டு, முத்திரை குத்தி, வருடியெடுத்த பிடிஎவ். மற்றையது, அந்தத் தாளைச் சரிவாகப் பிடித்து அனுப்பிய வட்ஸ்அப் படம்.

பாமினியில் 'தமிழ்' என்று நாம் காண்பது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு இல்லாத இடத்தில் அதுவே திரையில் தெரியும்.

மாற்றிகள் இருக்கின்றனவே என்பர். அவற்றிடம் அடையாள அட்டை இலக்கங்கள் நிறைந்த பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். பழைய இலக்கத்தின் இறுதியில் நிற்கும் 'வி' என்ற ஆங்கில எழுத்து 'ஏ' ஆகிவிடும். 'கௌரி' சில வேளை 'கெளரி' ஆவாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு இருவர். வருடிய படத்திலோ தேடவே வழியில்லை.

விழா அழைப்பிதழ் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். காணி இழந்தோரின் பட்டியலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியலும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர் தம் தமையனின் பெயரைத் தேடும்போது எதுவும் அகப்படாவிட்டால், அந்தப் பெயர் பட்டியலில் இருந்தும் இல்லாததே.

நியமம் இல்லாமலில்லை. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. இலங்கைத் தர நியமம் 2008இல் வந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

தட்டச்சாளர்களை நான் குறை கூறவில்லை. ஒருங்குறி கைக்கு எட்டாத காலத்தில் நம் அச்சகங்களையும் அலுவலகங்களையும் தாங்கி நின்றது பாமினி. விரல்கள் பழகிய விசைகளையும் கைவிட வேண்டியதில்லை: பாமினி விசைப்பலகை முறையிலேயே ஒருங்குறியில் எழுத மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அனுப்புவோரிடம் கேட்பது இவ்வளவே. கையொப்பமும் முத்திரையும் தேவையெனில் வருடிய படத்தை அனுப்புங்கள். கூடவே ஒருங்குறிக் கோப்பையும் இணையுங்கள். முத்திரை அறிக்கைக்குச் சான்று. தேடினால் அகப்படும் எழுத்தே அதிலுள்ள மனிதர்களுக்குச் சான்று.