கதை விளையாட்டுக்கு எந்தப் புத்தகம்? நமது பிள்ளைகளுக்குச் சிறியதே போதும்



விடுமுறை வந்தால் நமது ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். ஒன்று டியூஷன், மற்றது போனில் ஃப்ரீ ஃபயர். இப்போது சில பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் மேசையைச் சுற்றியிருந்து விளையாடுவார்களே, அந்த 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்'. "அந்தப் புத்தகத்தை எடுப்பிக்க ஏலுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இது என்ன, நல்லதா, எதை வாங்குவது என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விளையாட்டு நல்லது. அந்தப் பெரிய புத்தகம் நமக்கு வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். "பாலம் உடைஞ்சு கிடக்கு, இருட்டப் போகுது, என்ன செய்யப் போறீங்க?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளைகள் கூடிப் பேசி, முடிவெடுத்து, வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த முயற்சி பலித்ததா இல்லையா என்று தீர்மானிக்கத்தான் விதிகள். கல்வியியற் கல்லூரியில் நாம் படித்த பாத்திரமேற்று நடித்தலுக்கு இது நெருங்கிய சொந்தம். முடிவு மட்டும் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரின் ஆக்கமாக மூன்று சிறு கையேடுகளில் வெளிவந்தது. இன்று அதற்கு மூன்று பெரிய நூல்கள். விளையாடுபவருக்கான நூல் மட்டும் 300 பக்கங்களுக்கு மேல். இலவசமான சுருக்க விதிகளும் உண்டு. அவையும் நீளம், அவையும் ஆங்கிலம்.

நமது கவலை இங்கேதான். தமிழ் மொழிமூல வகுப்பொன்றில் 40 பிள்ளைகள் இருந்தால், அந்த ஆங்கிலத்தை வாசித்து விளங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? இரண்டு மூன்று பேர். அவர்கள் மேசைக்குச் சட்டத்தரணிகள் ஆகிவிடுவார்கள். மற்றவர்கள் "இதைச் செய்யலாமா?" என்று அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு விளையாட்டிலும் கடைசி வாங்குதான். பேசாத பிள்ளையைப் பேசவைப்பதற்காகக் கொண்டுவரும் ஒன்று, ஏற்கெனவே பேசுகிற பிள்ளைக்கே இன்னொரு மேடையாகிவிடக் கூடாது.

ஆகவே விதி குறைந்த விளையாட்டுகளைப் பார்ப்போம். இவை நிறைய இருக்கின்றன.

ஜோன் ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' முழுவதும் ஒரே பக்கம். விண்வெளிக் கப்பல் ஒன்றின் மாலுமிகளைப் பற்றிய கதை. ஒவ்வொருவரும் 2 முதல் 5 வரை ஓர் இலக்கத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். புத்தியால் செய்யும் வேலைக்குக் கட்டையில் அதைவிடக் குறைய விழ வேண்டும். மனதால் செய்யும் வேலைக்கு அதைவிடக் கூட விழ வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரன் மற்றதில் பலவீனன் என்பதை ஒரே இலக்கம் சொல்லிவிடுகிறது. தரம் 6 பிள்ளைக்குப் 10 நிமிடத்தில் விளங்கும்.

யொகாய் கால் 2020இல் வெளியிட்ட 'கெய்ர்ன்' இன்னொன்று. பலம், சுறுசுறுப்பு, மனவுறுதி என்று மூன்றே அளவுகள். சுமக்கக்கூடிய பொருள்களுக்குப் 10 இடங்கள். சண்டைக்குப் போனால் அடி நிச்சயமாக விழும் என்பதால், சண்டையைத் தவிர்க்கும் வழியைப் பிள்ளைகள் தாமாகவே தேடுவார்கள். விரும்பியவர் மொழிபெயர்த்துப் பகிர அதன் உரிமமே இடம் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, நமது மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் விட்டால் சரி.

அடுத்தது, நமது ஊரில் கட்டாயம் எழும் கேள்வி. கட்டை உருட்டலாமா?

நர்த் விளையாட்டைப் பற்றிய ஹதீஸை வைத்து லூடோக் கட்டையைக்கூட வீட்டுக்குள் எடுக்காத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. பந்தயம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது நமது வேலை இல்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். ஆசிரியர்களாக நாம் பார்க்க வேண்டியது, ஒரு பிள்ளை இந்தக் காரணத்துக்காக வெளியே நிற்க வேண்டி வருமா என்பதைத்தான். வர வேண்டியதில்லை. கட்டையே இல்லாமல் விளையாடும் முறை புதிதல்ல. எரிக் வுஜ்சிக்கின் 'ஆம்பர்' 1991இலேயே கட்டை இல்லாமல் வந்தது. ஜே ட்ராகனின் 'வாண்டர்ஹோம்' 2021இல் வந்தது. அதில் டோக்கன்கள் மட்டும். தன் வசதியை விட்டுக்கொடுத்து இன்னொருவருக்கு உதவினால் ஒரு டோக்கன் கிடைக்கும். ஒருவரின் துயரைத் தீர்ப்பது போன்ற பெரிய காரியத்துக்கு டோக்கன் செலவழிக்க வேண்டும். புத்தகம் பெரியது, சிறு தெய்வங்கள் என்று நமது வீடுகளுக்கு ஒவ்வாத பகுதிகளும் அதில் உண்டு. அவற்றை விட்டுவிடலாம். விளையாட்டை நகர்த்தும் அந்த யோசனைக்கு அரைப் பக்கம் போதும், டோக்கனுக்குப் புளியங்கொட்டை போதும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. விதி குறைந்தால் வாய் பெருத்தவன் வெல்வான் என்பார்கள். உண்மைதான். புத்தகத்தில் 300 பக்கம் குறையும்போது அந்தச் சுமை கதை நடத்துபவரின் தலையில் ஏறுகிறது. அவர் தன் மருமகனுக்கு ஒரு நியாயம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று நடந்தால், அதைப் பிடித்துக்காட்டப் பிள்ளைகளின் கையில் புத்தகம் இல்லை. அதனால்தான் 'விதி குறைந்தது' என்பதோடு நின்றுவிடாமல், இருக்கும் சில விதிகள் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறோம். புளியங்கொட்டை எல்லோர் முன்னாலும் கிடக்கிறது. யாரிடம் எத்தனை என்று சின்னப் பிள்ளையும் எண்ணிப் பார்க்கும். நடத்துபவர் மனம்போனபடி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

எந்த விளையாட்டைக் கொண்டுவந்தாலும் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. விதி முழுவதையும் தமிழில் ஒரு தாளில் எழுத முடியுமா?
2. புதிதாக வரும் பிள்ளை 10 நிமிடத்தில் சேர முடியுமா?
3. பேசாத பிள்ளைக்கு முறை வருவதை விதியே உறுதிசெய்கிறதா, இல்லாவிட்டால் அதை நாம் ஒரு வரியில் சேர்க்கலாமா?
4. எந்த வீட்டுப் பிள்ளையும் சங்கடமில்லாமல் உட்கார முடியுமா?

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கு டோக்கன் முறைதான் நமது தெரிவு. பெரிய பிள்ளைகளுக்கு, கட்டையில் ஆட்சேபம் இல்லாத வீடுகளில், 'கெய்ர்ன்'. ஒரு மேசைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். நேரம் ஒன்றரை மணித்தியாலம் போதும். கதைக்களம் ட்ராகன் குகையாகத்தான் இருக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. வெள்ளம் ஏறிய ஊரில் ஆறு குடும்பங்களுக்கு ஒரே தோணி என்று தொடங்கிப் பாருங்கள். யாரை முதலில் ஏற்றுவது என்று நமது பிள்ளைகள் பேசுவதைக் கேட்க ஆயிரம் ரூபாய்ப் புத்தகம் தேவையில்லை.

இந்த விடுமுறைக்குள் டோக்கன் விதிகளை நமது சொற்களில் ஒரு தாளில் எழுதி முடிக்க எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். 'கெய்ர்ன்' மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு. கையெழுத்து அழகான ஒருவரும், போட்டோகொப்பிச் செலவை ஏற்கக்கூடிய ஒருவரும் முன்வந்தால் வேலை சீக்கிரம் முடியும். கதை நடத்த ஆசிரியர்தான் வேண்டும் என்றும் இல்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிந்த எந்த உம்மாவும், சாச்சாவும், உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் எந்தத் தாத்தாவும் நடத்தலாம்.