டெல்லி கணேஷும் தில்லி கணேசன்களும்

2024 நவம்பர் 9 ராத்திரி டெல்லி கணேஷ் போய்விட்டார். எண்பது வயது. மறுநாள் காலையில் தில்லித் தமிழர் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே செய்திதான், "நம்ம டெல்லி கணேஷ்". கூடவே ஒரு புலம்பல், "பாவம், திறமைக்கேத்த இடம் கிடைக்கல".

இந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடு இல்லை. "நம்ம" என்று சொந்தம் கொண்டாடுவதிலும் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெயர். சினிமாவில் ஊர்ப்பெயரை ஒட்டவைத்துக்கொள்வது நமக்குப் புதிது இல்லை. ஆனால் சொந்த ஊர் வல்லநாடாக இருக்க (தூத்துக்குடி பக்கம்), "டெல்லி" ஒட்டிக்கொண்டது அவர் நாடகம் பழகிய இடம் என்பதால். இங்கே தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துக்கொண்டிருந்தவர் அவர். பெயரை வைத்தது கே.பாலசந்தர். (நாம் எல்லோரும் "தில்லி" என்று எழுதுவோம், சினிமாக்காரர்களுக்கு என்றைக்கும் "டெல்லி"தான். போகட்டும். டெல்லி குமார் என்று இன்னொருவரும் உண்டு, மெட்டி ஒலி பார்த்த வீடுகளுக்கு அவரைத் தெரியும்.)

1964 முதல் 1974 வரை கணேஷ் விமானப்படையில் இருந்தார். வங்கி ஆசாமி என்பதால் எனக்குக் கண் போகும் இடமே வேறு. அதிகாரி அல்லாத படைவீரருக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் பதினைந்து வருஷ சர்வீஸ் வேண்டும். இவர் பத்தோடு வெளியே வந்துவிட்டார். இன்னும் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஆயுசு முழுக்க மாதாமாதம் பணம். வயது அப்போது முப்பது, கையில் இருந்தது நாடக அனுபவம் மட்டும். எங்கள் கவுன்டரில் வந்து உட்கார்ந்து "சார், வேலையை விட்டுட்டு மெட்ராஸ்ல நாடகம் போடப்போறேன், லோன் கிடைக்குமா" என்று யாராவது கேட்டால் நான் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பியிருப்பேன்.

சென்னைக்குப் போய் காத்தாடி ராமமூர்த்தி குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய "பட்டினப் பிரவேசம்" மேடை நாடகத்தை பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது கணேஷ் திரைக்கு வந்தார். அதன் பிறகு நானூறுக்கும் மேற்பட்ட படங்கள்.

இனி அந்த "இடம் கிடைக்கவில்லை" விஷயம். துரை இயக்கிய "பசி" (1979) பார்த்திருக்கிறீர்களா? ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். அதனால் எல்லோரும் ஷோபாவைப் பற்றியே பேசுவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அவளுடைய அப்பாவாக வரும் ரிக்‌ஷாக்காரர் கணேஷ்தான். பாலசந்தர் கண்டெடுத்த நடுத்தர வர்க்கத்து முகம், சினிமாவுக்கு வந்த ரெண்டே வருஷத்தில் சென்னைக் குடிசையில் ரிக்‌ஷா மிதிக்கிறது, அது வேஷம் என்றே தோன்றவில்லை. தமிழக அரசு அதற்காக அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது.

"சிந்து பைரவி"யில் (1985) குடியால் பாடகரிடம் அவமானப்படும் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர். இதே ஆள்தான் மறு வருஷமே "மைக்கேல் மதன காம ராஜ"னில் பாலக்காடு மணி ஐயர். சாம்பாரில் மீன் விழும் கல்யாணக் காட்சிக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில் சிரிப்பு நிற்காது. தங்கமணிக்கு அந்தப் படம் முழுக்க மனப்பாடம்.

மணி ஐயரைப் பற்றி எனக்கு ஒரு கட்சி உண்டு. வசனம் கிரேஸி மோகனுடையது, சரி. பாலக்காட்டுத் தமிழில் கமல் பின்னி எடுத்திருப்பார், அதுவும் சரி. ஆனால் வல்லநாட்டுக்காரர் வாயில் அந்த இழுப்பு அவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது எப்படி? சரோஜினி நகர், ஆர்.கே.புரம், கரோல் பாக் பக்கம் ஒரு நாள் சாயங்காலம் நடந்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். செக்ரட்டேரியட் உத்தியோகத்துக்கு வந்த பாலக்காட்டுக் குடும்பங்கள் இங்கே அவ்வளவு. பிள்ளையார் கோவில் பிரசாத வரிசையில் நின்றாலே அந்தத் தமிழ் காதில் விழும். கணேஷ் அதை இங்கேதான் பிடித்தார் என்று என்னிடம் ஆதாரம் கிடையாது, ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம்.

அதே மாதிரி "நாயக"னில் (1987) வரும் ஐயர். பம்பாய்க்குப் போன வேலு நாயக்கருக்கு இந்தி வராது, ஐயர்தான் மொழிபெயர்க்க வேண்டும். நாயக்கர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு பயந்த மனிதர் நடுவில் நின்று இரண்டு மொழியையும் சமாளிப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் 1960களில் டிஎம்எஸ் பால் பூத்திலும் ரேஷன் கடையிலும் நின்ற நிலை கிட்டத்தட்ட அதுதானே? அந்தக் காட்சியில் நாம் கமலைப் பார்த்துவிட்டு ஐயரைப் பார்க்காமல் விட்டோம்.

இவரை ஹீரோவாக ஆக்கியிருந்தால் இதில் எத்தனை கிடைத்திருக்கும்? ஒன்றும் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். எழுபதுகளின் தில்லியில் சாயங்காலம் ஆபீஸ் விட்டு சைக்கிளிலும் டிடிசி பஸ்ஸிலும் வந்து, ரொட்டியோ தயிர்சாதமோ தின்றுவிட்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தவர்கள் நடித்தது யாரை? சக குமாஸ்தாவை, செக்‌ஷன் ஆபீசரை, பெண்ணுக்கு வரன் தேடும் அப்பாவை. தினம் பார்க்கிற ஆட்களை. கணேஷின் சொத்தும் அந்த ஆட்கள்தான். குறை என்னவென்றால், தமிழ் சினிமா அதையே பிடித்துக்கொண்டு, பின்னாட்களில் பல படங்களில் அவரைச் சும்மா சோபாவில் பேப்பரோடு உட்கார்த்திவைத்தது. அவரும் வந்த வேஷத்தையெல்லாம் ஒத்துக்கொண்டார். சம்பளக்காரர் மனசு, வேறென்ன. தேசிய விருதும் பத்ம விருதும் கடைசிவரை வரவில்லை. 1990களில் தமிழக அரசு கலைமாமணி கொடுத்தது.

அவருக்கு முன்னால் பூர்ணம் விஸ்வநாதனும் இந்த ஊர் கடந்து போனவர்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தில்லி வானொலியில் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பிறகு சென்னையில் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். "வறுமையின் நிறம் சிவப்பு" அப்பாவை யார் மறப்பார்கள்? இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தபடியே நாடகங்கள் எழுதினார். மாநிலத் தலைநகரம்கூட இல்லாத, தமிழ் பேசாத ஊரில் இத்தனை நடந்திருக்கிறது.

இப்போது? சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள் இடிபட்டு, 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டப்படி உயரக் கட்டடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் சிதறிவிட்டன. ஒத்திகைக்குப் பத்துப் பேர் கூட வேண்டுமென்றால் மூன்று மெட்ரோ லைன் மாற வேண்டும். எல்லாம் புரிகிறது. ஆனால் காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நான்தான். பொங்கல் விழாவுக்குச் சென்னையிலிருந்து மெல்லிசைக் குழு, அவர்களுக்கு விமான டிக்கெட், ஓட்டல். பிள்ளைகள் முதல் வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், உள்ளூரில் ஒரு நாடகம் போட. அப்பா வேஷம் போடும் பையனுக்கு நாற்பது வரி தமிழ் வசனம் வாயில் ஏற வேண்டும். தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவனும் மேடை என்றால் வருவான், என் பையனையே பார்த்துவிட்டேன்.

கணேஷ் இறந்தபோது விமானப்படையினர் ராமாபுரம் வீட்டுக்கு வந்து மரியாதை செய்தார்கள். பத்து வருஷம் மட்டுமே வேலை பார்த்துவிட்டுப் போன ஆள், ஐம்பது வருஷம் கழித்தும் அவர்கள் மறக்கவில்லை. நம் பக்கத்தில் ஒரு இரங்கல் கூட்டம், ஒரு வாட்ஸப் படம்.

அடுத்த பொங்கல் விழா பட்ஜெட் கூட்டத்தில் "நாடகம்" என்று ஒரு தனி இனம் எழுதிக்கொண்டுபோகப் போகிறேன். செயலாளர் அடித்துவிடுவார் என்று தெரியும். உங்கள் பக்கச் சங்கத்தில் என்ன நிலவரம், எழுதுங்கள். பழைய நாடகப் பிரதி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஒரு போட்டோ நகலும் வேண்டும்.