சம்மதமா, கையெழுத்தா?

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு உறுப்புக்களாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. நோயாளியை அவர் முதலில் வைத்தமை பற்றி வகுப்பறையிலே பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் அதன் பொருளைச் செவ்வையாக உணர்ந்தது, சென்ற ஆண்டு நானே நோயாளியாகக் கட்டிலிற் கிடந்தபோதுதான்.

குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்வதற்காகக் குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். முதல்நாள் இரவு, விளக்கணைக்கும் வேளையில், தாதி ஒருவர் ஒரு தாளை நீட்டினார்.

“மாஸ்ரர், இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“என்ன பிள்ளை இது?”

“ஒப்பரேசனுக்கு. எல்லாரும் வைக்கிறதுதான்.”

மூக்குக்கண்ணாடி பைக்குள் இருந்தது. இன்னும் பலரிடம் போகவேண்டிய அந்தப் பிள்ளையை மறித்து வைக்க மனம் வரவில்லை, கையெழுத்திட்டேன். மறுநாள் முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி இடுப்பின் கீழே விறைக்கச் செய்தார்கள். உறங்கிவிடுவேன் என்று எண்ணியிருந்த நான், விழித்தபடியே கிடந்து, ஆயுதங்கள் தட்டில் விழும் ஓசையைக் கேட்டு நடுங்கினேன். சிகிச்சை குறைவின்றி முடிந்தது. வைத்தியரின் கைவன்மைக்கு இன்றும் நன்றியுடையேன். ஆயினும், இரண்டு வசனம் முன்னரே சொல்லியிருந்தால் அந்தப் பயம் நேர்ந்திராது.

இதைத் தங்கையிடம் கூறினேன். அவள் சிரித்தாள். “உங்களிட்டையாவது தாளை நீட்டினவை, அண்ணை. என்ரை கர்ப்பப்பையை எடுக்கேக்கை அவர்தான் கையெழுத்து வைச்சவர். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”

தங்கையின் சிரிப்பு எனக்கு ஒரு வழக்கை நினைவூட்டியது. 1995 இல் டில்லியிலே ஒரு பெண், நோயை அறிவதற்கான பரிசோதனைக்கு மாத்திரம் சம்மதித்து, மயக்க மருந்தின் வசப்பட்டுக் கிடந்தார். வைத்தியர், வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 2008 இல் இதற்குத் தீர்ப்பளித்தது. வயதுவந்த ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதமும் அங்கே செல்லாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாகவேண்டிய நிலை மட்டுமே விலக்கு என்றது அம்மன்றம். சிகிச்சையின் இயல்பு, பயன், ஆபத்து, மாற்றுவழி, செய்யாதுவிட்டால் வருவது ஆகிய யாவும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும் என்றும் வகுத்தது. அயல்நாட்டுத் தீர்ப்பு நமது மன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயம் கடல் கடந்தும் நியாயமே.

“நுட்பமான மருத்துவத்தைப் பாமரருக்குத் தமிழிலே எங்ஙனம் விளக்குவது?” என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு மானிப்பாய் என்றோ விடை கூறிவிட்டது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்றை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் தமிழாக்கி வெளியிட்டார். வைத்தியனாக வருபவனுக்கே தமிழிற் கற்பிக்க முடிந்ததென்றால், நோயாளிக்கு நாலு வார்த்தை சொல்லத் தமிழ் போதாதா?

1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆகவே தமிழிற் பத்திரம் பெறுவது நமது உரிமை. ஆனால், தமிழில் அச்சிட்ட தாளும் வாசிக்கப்படாவிடின் வெறுந் தாளே.

வைத்தியரை மட்டும் குறைகூறுதல் தகாது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியோரின் சுமை பெரிது. ஆயினும் யான் வேண்டுவது பெருஞ்செலவுள்ளதன்று. கடைசி இரவிலன்றி, சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே பத்திரத்தைக் கொடுக்கலாம். கணவனோ மகனோ அருகிலிருக்கட்டும். கையெழுத்து நோயாளியுடையதாக இருக்க வேண்டும். பின்னர் மனம் மாறினால் மறுக்கலாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்றை ஆசிரியர்கள் நன்கு அறிவர். “விளங்கிச்சுதோ?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “ஓம்” என்னும். விளங்கியதை அறிய வேண்டுமாயின், “நீ விளங்கியதைச் சொல், பார்ப்போம்” என்று கேட்கவேண்டும். நோயாளியிடமும் அவ்வாறே கேட்கலாம்; அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

குற்றம் என்னிடமும் உண்டு. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழக்கியவன், அன்றிரவு “பொறு பிள்ளை, கண்ணாடியை எடுத்து வாசித்துவிட்டு வைக்கிறேன்” என்று சொல்லக் கூசினேன். என்னாலேயே முடியாததை, எழுத்தறியாத ஒரு மூதாட்டியிடம் யார்தான் எதிர்பார்க்க முடியும்? அவருக்காக நாம்தான் கேட்கப் பழக வேண்டும்.