விரல் போனது வரம் இல்லை

"எல்லாம் நன்மைக்குத்தான் தம்பி" என்ற வசனத்தை இனி எங்கட ஆள் ஒருவனுக்கு முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். ஆறு மாதமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இனிச் சொன்னால் நாங்கள் மரியாதை பார்க்க மாட்டோம்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், போடவில்லை. கல்லடியில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தாறு வயது, இரும்பு வேலை. கேற், கிறில், மாடிப்படிக் கைபிடி, வள்ளங்களுக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள். எங்கள் கூட்டங்களுக்கு வந்தால் கடைசி வாங்கில் இருந்து கேட்டுவிட்டு, எழும்பிப் போகும்போது ஒரேயொரு கேள்வியில் பேசினவரை மடக்கிவிட்டுப் போவான். அவனுடைய இடது கையில் சுட்டுவிரலின் மேல்துண்டு இப்போது இல்லை. நடுவிரல் முழுசாக மடங்காது.

எப்படி நடந்தது என்பதை விபரமாகச் சொல்ல வேணும். "கவனக்குறைவு" என்ற ஒரு சொல்லைப் போட்டு எல்லாத்தையும் மூடப் பார்க்கிறாங்க. கைக்குள் பிடிக்கிற சின்னக் கிரைண்டர் நிமிசத்துக்கு 11,000 சுற்றளவில் ஓடும். ஏழு அங்குல வட்டு 8,500 சுற்றுக்கு மேலே தாங்காது, அது வட்டிலேயே அச்சடித்திருக்கும். சின்ன மெசினில் பெரிய வட்டைப் பூட்ட வேண்டுமென்றால் பாதுகாப்பு மூடியைக் கழட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டு உள்ளே போகாது. அந்த வேர்க்சொப்பில் எல்லாரும் அப்படித்தான் வேலை செய்தார்கள். இவனும் செய்தான். பெரிய மெசின் வாங்கக் காசில்லை என்பது முதலாளியின் கதை. தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வட்டு வெடித்தது.

ஆபத்தான பாகங்களுக்கு மூடி இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் புதுச் சட்டம் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கு. வெள்ளைக்காரன் இருந்த காலத்துச் சட்டம். அதைப் படிக்காதவர்கள்தான் "அவன்ட கவனம் எங்க போச்சு?" என்று கேட்கிறார்கள்.

சரி, இதற்குள் பாட்டுப்பெட்டி எங்கே வந்தது?

கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்த நாட்களில், பெரியம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்டான். எச்.எம்.வி. 102. பிரயாணப் பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற கிராமபோன், 1930களில் வந்த ரகம். கைபிடி சுற்றவில்லை. இரும்பைக் கண்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டான். "நான் சொல்லுறன், நீங்க புடிங்கடா" என்றான். அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் பெட்டிக்குள்ளே இருப்பது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். கரண்ட் இல்லை, வயர் இல்லை. நீளமான உருக்குப் பட்டி ஒன்றை வட்டக் குடுவைக்குள் சுருட்டி அடைத்திருக்கு. கைபிடியைச் சுற்றினால் இறுகும், விட்டால் அவிழும். சும்மா விட்டால் ஒரே மூச்சில் அவிழ்ந்து முடிந்துவிடும் என்பதால் மூன்று சின்னக் குண்டுகள் சுழன்று அதை அடக்குது. வேகம் கூடினால் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும், ஒரு தட்டம் பிரேக்கில் உரசும், வேகம் குறையும். உள்ளே இருந்த பழைய கிறீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரின் உப்புக்காற்று மிச்ச வேலையைச் செய்திருந்தது. அந்தச் சுருள்வில்லைக் குடுவையில் இருந்து எடுக்கிற நேரம் பிசகினால் மிச்ச விரலையும் வெட்டும். சாக்கால் சுற்றி நாங்கள் இரண்டு பேர் அமத்திப் பிடிக்க, அவன் வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் போட்டு, திரும்ப அடைக்க மூன்று நாள் போனது.

நிமிசத்துக்கு 78 சுற்று. தட்டின் விளிம்பில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டிவிட்டு, போனில் நேரம் வைத்து எண்ணி எண்ணிச் சரிப்படுத்தினான். 11,000 சுற்றில் விரலைக் கொடுத்தவன் 78 வரைக்கும் எண்ணிக்கொண்டு இருந்ததை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

மறுகா அது ஒரு பைத்தியமாகிவிட்டது. இப்போது அவனிடம் ஓடுகிற பெட்டி மூன்று, ஓடாதது ஒன்று, தட்டுகள் அறுபதுக்குக் கிட்ட. ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேணும். தட்டில் அரக்கோடு கல்லுத்தூளும் கலந்திருப்பதால் ஊசி ஒரு பாட்டுக்குள் தேய்ந்துவிடும், தேய்ந்த ஊசி அடுத்த தட்டைத் தின்னும். அரை விரலால் அந்தக் குட்டி ஊசியைப் பொறுக்கப் பழகியதில் கை கொஞ்சம் தேறியதும் உண்மை. நாங்கள் மறுக்கவில்லை.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் சனம் கதை கட்டியது. "விபத்தில் மலர்ந்த கலை." "போனோகிராப் தம்பி." ஒரு வீடியோ கூட வந்தது, பின்னணியில் புல்லாங்குழல் வேறு. வேர்க்சொப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் அந்த வீடு எப்படிச் சாப்பிட்டது என்பதைப் பற்றியும் இல்லை. தங்கச்சியின் தோடு அடகில் கிடப்பது புல்லாங்குழலுக்குள் எடுபடாது போல.

முதலில், அது போனோகிராப்பே இல்லை. சொல்லுக்காகச் சண்டை பிடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், இதில் விசயம் இருக்கு. எடிசன் 1877இல் செய்தது போனோகிராப். உருளையில் பதியும் கருவி. அதே கருவியில் பாடவும் முடியும், பாடியதைக் கேட்கவும் முடியும். பெர்லினர் 1887இல் கொண்டுவந்தது கிராமபோன், தட்டையான வட்டத் தட்டு. அச்சடித்து ஆயிரக்கணக்கில் விற்கலாம், ஆனால் வீட்டில் இருக்கிறவன் அதில் தன் குரலைப் பதிய முடியாது. வாங்கலாம், கேட்கலாம். அவ்வளவுதான்.

எச்.எம்.வி.யின் நாய்ப் படம் எல்லாருக்கும் தெரியும். குழாய்க்கு முன்னால் தலையைச் சரித்துக்கொண்டு இருக்கிற நாய். பிரான்சிஸ் பரோட் அதை முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது போனோகிராப். 1899இல் கொம்பனி படத்தை வாங்கும்போது போனோகிராப்பின் மேலே கிராமபோனை வரையச் சொன்னது, அவரும் வரைந்தார். யோசித்துப் பாருங்கள். எசமானின் குரலை நாய் கேட்க வேண்டுமென்றால் எசமான் வீட்டில் பதிந்திருக்க வேணும். கிராமபோனில் அது நடக்காது. படத்தில் இருக்கிற கதைக்கும் கருவிக்கும் தொடர்பே இல்லை. பதிகிற கருவியை அழித்துவிட்டு விற்கிற கருவியை அதே இடத்தில் வைத்ததுதான் அந்தப் புகழ்பெற்ற சின்னம்.

பதிகிற கருவி எங்கள் பக்கம் வராமல் இல்லை. வந்தது, ஆனால் எங்கள் கையில் இல்லை. செலிக்மன் தம்பதியர் 1907–08இல் இலங்கைக்கு வந்து வேடர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். 1911இல் வந்த அவர்களின் புத்தகத்தில் அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய இசை அத்தியாயம் ஒன்று இருக்கு. கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் அதில் ஒரு அத்தியாயம் உண்டு. உருளைகள் லண்டனில். எங்கள் வாவியின் பாடுமீனைப் பற்றி எமர்சன் ரெனன்ற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதினார். அதை 1954இல் பதிந்தவர் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த இயேசு சபைத் துறவி லாங் அடிகள், பிறகு இலங்கை வானொலியில் அது போனது. அவர்கள் செய்ததைக் குறை சொல்லவில்லை, செய்ததே பெரிய காரியம். எங்கள் கேள்வி எங்களை நோக்கித்தான். யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகள் அடக்கமாகியிருக்கிற ஊர் இது. இந்த ஊரில் எத்தனை பேரிடம் தாத்தாவின் குரல் இருக்கு? 1978 நவம்பர் 23 சூறாவளி கொண்டுபோனது ஒரு பக்கம், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது இன்னொரு பக்கம், இரண்டுக்கும் இடையில் யுத்தம். இதெல்லாம் தாண்டி ஒரு தட்டு மிஞ்சிக் கிடந்தால் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிற ஆட்களும் நாங்கள்தான்.

ஆணியடிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்து ஆள் வந்தார். நல்ல விலைதான் சொன்னார், பொய் சொல்லக்கூடாது. "ஓடத் தேவையில்ல தம்பி, லொபியில வைக்கத்தான். தட்டுகளைத் தாங்க, சுவருக்கு ஒட்டுவம்." குழாய் இருக்கிற பெட்டி இல்லையா என்று வேறு கேட்டார். பித்தளைக் குழாயும் எட்டுமூலைப் பெட்டியும் பளபளக்கிற நாய் ஸ்ரிக்கருமாக இந்தியாவில் இருந்து வருகிற புதுப் 'பழைய' கிராமபோன்களை அவர் தாராளமாக வாங்கலாம். பெரும்பாலும் கழித்துவிட்ட பிரயாணப் பெட்டிகளின் மோட்டரைப் பிடுங்கிப் பூட்டியவை. லொபிக்கு அது போதும். ஓடுகிற பெட்டியை ஊமையாக்கக் காசு கொடுக்கிறதை நாங்கள் மரபுரிமை என்று சொல்ல மாட்டோம்.

எங்களுக்குள்ளேயே இதில் தகராறு வந்தது. "காசு தேவையான நேரம், விற்கட்டுமே, தத்துவம் சோறு போடுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். சேகரிக்கிறது சும்மா வருகிற காரியம் இல்லை. சென்னையில் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துப் பேர்பெற்ற வி.ஏ.கே. ரங்காராவ் ஜமீன் குடும்பத்தவர். கேரளத்தில் கோட்டயம் பக்கம் பிளாசனாலில் கிராமபோன்களுக்கென்றே காட்சியகம் திறந்த சன்னி மாத்யூ கூட்டுத்தாபன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் செய்தது பெரிய தொண்டு, கும்பிட வேணும். ஆனால் சொத்தில் இருந்தோ ஓய்வுக்குப் பிறகோ சேகரிக்கிறது வேறு, சம்பளமில்லாத காயத்தில் இருந்து சேகரிக்கிறது வேறு. மூன்றையும் ஒரே "பொழுதுபோக்கு" என்ற பெட்டிக்குள் போடாதீர்கள்.

அவன் விற்கவில்லை. விற்றிருந்தாலும் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். விற்காததற்குக் காரணம் ஒரு தட்டு. வெள்ளத்தில் கிடந்து லேபல் முழுக்கக் கழன்டு போன தட்டு. யார் பாடினது, என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. போட்டுக் கேட்டபோது முதல் சுற்று முழுக்க இரைச்சல், பிறகு உச்சத்தில் ஒரு ஆண்குரல். பக்கத்து வீட்டு அம்மம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இது கிட்டப்பாடா மனே, அப்பா கொழும்பில நாடகம் பாத்திட்டு வந்து வாங்கின தட்டு எங்களிட்டயும் இருந்த" என்றார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் சந்தித்தது 1926இல். அம்மம்மாவின் அப்பா எப்போது போனாரோ. எதிர்வீட்டு ஐயா ஒரேயடியாக மறுத்தார், அது பாகவதர்தானாம். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் சண்டை. மூன்று நிமிசத் தட்டு ஐந்து தரம் ஓடியது. லேபலுக்கு வெளியே தட்டில் குத்தியிருக்கிற இலக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்த இலக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

அந்தச் சண்டையை நாங்கள் போனில் பதிந்தோம். அம்மம்மாவின் குரலும் ஐயாவின் குரலும் அதில் இருக்கு. பின்னால் தட்டின் இரைச்சலும். சுவரில் ஒட்டின தட்டு யாரை இப்படிச் சண்டை பிடிக்க வைக்கும்?

கை மெல்ல மெல்லச் சரிவருது என்று சொல்லி வேர்க்சொப் முதலாளி போன மாதம் வீட்டுக்கு வந்து பழங்கள் கொடுத்தார். "நீ இப்ப பெரிய கலைஞன்" என்றும் சொன்னார். நட்டஈடு பற்றிக் கேட்டதும் எழும்பிவிட்டார். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். எந்த உறுப்பு போனால் உழைக்கும் வலுவில் எவ்வளவு குறைந்ததாகக் கணக்கு என்று அதில் அட்டவணையே போட்டிருக்கு. பழத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தை நாங்கள் சேர்ந்து நிரப்பி, ஆசுபத்திரிக் கடிதம், வேலை செய்த நாட்களுக்கு அவன் சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருந்த சம்பளக் கணக்கு, கூட வேலை செய்த இரண்டு பேரின் சாட்சி எல்லாத்தையும் இணைத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம். சாட்சி சொன்ன இரண்டு பேரில் ஒருவருக்கு அடுத்த கிழமையே வேலை போய்விட்டது. வீடியோ எடுத்தவர்கள் அதையும் வந்து எடுக்கலாம், புல்லாங்குழல் இல்லாமல்.

சனிக்கிழமை பின்னேரம் அவன் வீட்டு முற்றத்தில் பெட்டி ஓடும். வீட்டில் தட்டுக் கிடந்தால் கொண்டு வாருங்கள், விற்கக் கேட்க மாட்டோம், பதிந்துவிட்டுத் திருப்பித் தருவோம். தட்டு இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற வயசாளியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். போன கிழமை வந்த ஒரு பொடியன் மீனவர் சங்கத்துப் பழைய கிரைண்டர் ஒன்றையும் காட்டிக்கொண்டு நின்றான், மூடி இல்லை. எங்கட ஆள் பாட்டை நிறுத்திவிட்டு, தகரத்தில் அதற்கு ஒரு மூடி வெட்ட இருந்துவிட்டான். நாங்கள் கைபிடியைச் சுற்றினோம்.