பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசி: எங்கள் மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பொன்னுக்கு வீங்கிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. 2024 தொடக்கத்தில் கேரளத்தில் பல்லாயிரம் பேரைப் பிடித்து, தமிழ்நாடு உட்படப் பிற மாநிலங்களிலும் தலைகாட்டிய பிறகும் பழைய பதில்தான் வருகிறது: தானாகச் சரியாகிவிடும், உயிர் போகாத நோய். இதை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. 

சின்னப் பையனுக்குக் கன்னம் வீங்கி வற்றுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பருவமடைந்த ஆணுக்கு அப்படியில்லை. தடுப்பூசி போடாமல் நோய்க்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு விரை அழற்சி வருகிறது. கன்னம் வீங்கிய 4 முதல் 8 நாளுக்குள், காய்ச்சல் விட்டது என்று நினைக்கும் நேரத்தில், மறுபடி குளிர்காய்ச்சல் அடிக்கும்; பெரும்பாலும் ஒரு பக்க விரை வீங்கிச் சிவந்து, தொட்டாலே துடிக்கும். விரையைச் சுற்றிய உறை விரிந்து கொடுக்காது. அதனால் உள்ளே வீங்க வீங்க, விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன. வைரஸைக் கொல்ல மருந்தில்லை. ஓய்வு, ஐஸ் ஒத்தடம், வலி மாத்திரை, அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட விரைகளில் பாதி வரை பின்னாளில் ஓரளவு சுருங்குகின்றன. முழு மலட்டுத்தன்மை அரிது. பீதி கிளப்புவது எங்கள் நோக்கமல்ல என்பதால் இதையும் அழுத்தியே சொல்கிறோம். ஆனால் விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவது அரிதல்ல. அது வெளியே தெரியத் தாமதமாகிறது: குழந்தையில்லை என்று வரும் தம்பதியரில், மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து ஓய்ந்த பிறகே கணவனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. இறப்புக் கணக்கில் ஏறாததெல்லாம் இழப்பே இல்லை என்று முடிவுகட்டியது யார்?

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. அரைகுறையாகத் தடுப்பூசி போட்டால், சிறுவயதில் வந்து போக வேண்டிய நோய் வளரிளம் பருவத்துக்குத் தள்ளிப்போகும், விரை அழற்சி கூடும். தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசிகளைப் பெரும்பாலான குழந்தைகளுக்கு எட்டச்செய்த நாடுகளுக்கே உலக சுகாதார நிறுவனமும் பொன்னுக்கு வீங்கித் தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. வாதம் சரிதான். ஆனால் அந்த அரைகுறை நிலை இனிமேல் வரப்போவதல்ல, இப்போது இருப்பதே அதுதான். தனியார் கிளினிக்கில் காசு கட்டும் குழந்தைக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர்.; ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்கும் குழந்தைக்குப் பொன்னுக்கு வீங்கிக் கூறு இல்லாத எம்.ஆர். முதல் வகைக் குழந்தைகளால் பரவல் மட்டுப்பட, இரண்டாம் வகைக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் நோயைச் சந்திக்காமலே வளர்ந்து கல்லூரி விடுதியில் அதனிடம் சிக்குகிறார்கள் என்ற ஐயம் எங்களுக்கு வலுவாக உண்டு. எந்த ஆபத்தைக் காட்டி மறுக்கிறார்களோ, அந்த ஆபத்தை மறுப்பே வளர்க்கிறது. இதில் ஒரு முரணும் உண்டு: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய முகாமில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு எம்.ஆர். போடப்பட்டது. அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வாட்ஸ்அப் புரளியை மறுத்து மறுத்துப் பணியாளர்களுக்குத் தொண்டை வறண்டது. பிள்ளைப்பேற்றை உண்மையிலேயே பாதிக்கக்கூடிய நோய்க்கான கூறு மட்டும் அந்த ஊசியில் இல்லை!

செலவு கூடும், ஆனால் ஊசியும் வருகையும் குளிர்பதன வசதியும் அவையே. மூளைச்சவ்வு அழற்சி வரும் என்று அஞ்சுவோருக்கு: அது தடுப்பூசியால் வருவதைவிட நோயால் வருவதே அதிகம். காலப்போக்கில் பாதுகாப்பு ஓரளவு குறையும் என்பதை மறுக்கவில்லை. நாம் தயங்கி நிற்க, இலங்கை 2011இலேயே எம்.எம்.ஆருக்கு மாறிவிட்டது.

ஆகவே, 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் தரப்படும் இரு தவணைகளிலும் எம்.ஆருக்குப் பதில் எம்.எம்.ஆர். தர வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு விடுபட்ட தவணையைப் பின்னர் தருவது குறித்து உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படாததால், இயன்ற இடங்களில் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நிற்கிறோம். தரவு போதவில்லை என்பவர்கள், விரை அழற்சியோடு வருவோரை அரசு மருத்துவமனைகளில் தனியாகப் பதியச் சொல்லி ஆணையிடட்டும். அதற்குத் தடுப்பூசிக் கொள்முதல்கூடத் தேவையில்லை. அதுவரை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கன்னம் வீங்கியிருக்கிறதே என்று திடீர் விரை வலியைப் பொன்னுக்கு வீங்கிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது விரை முறுக்கமாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்.